அச்சமும் அயலானும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது எமது வீட்டுப் பெண்மணிகள் நாள்தோறும் கண்டறியும் உண்மை. ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே நெருப்பு. ஆதலால் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தாலே பானை முழுவதின் பக்குவமும் விளங்கிவிடுகின்றது. மனிதர் விஷயத்தில் இந்தப் பழமொழி செல்லுபடியாகுமா? ஒருவன் செய்த கொடுமையைக் கொண்டு, அவனுடைய மொழியைப் பேசுவோர், அவன் வணங்கும் தெய்வத்தை வணங்குவோர், அவனைப் போலவே கடல் கடந்து வந்தோர் அனைவரையும் அளந்துவிடலாமா? மேல்நாட்டு மாநகரங்களில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்றுவரும் பெரிய விவாதமொன்றின் அடியிற் கிடக்கும் கேள்வி இதுவே.

பயங்கரவாதம், குடிவரவு, பாதுகாப்பு என்னும் மூன்று சொற்களும் பாரிஸ், பேர்லின், நியூயோர்க் முதலிய நகரங்களில் இப்பொழுது ஒரே மூச்சில் உச்சரிக்கப்படுகின்றன. தேர்தல் மேடைகளும் பத்திரிகைத் தலையங்கங்களும் இவற்றை ஒரே கயிற்றிற் கட்டிவிட்டன. அக்கயிறு எப்பொழுது, எவ்வாறு முறுக்கப்பட்டது என்பதை அறிய விரும்புவோர் ஒரு நாட்டின் வரலாற்றை மட்டும் நிதானமாகப் பார்த்தாற் போதும். பிரித்தானியாவை, சிறப்பாக இலண்டன் மாநகரத்தை, நாம் எடுத்துக்கொள்வோம். எமது வாசகர்களிற் பலருக்கு அண்ணனோ, மருமகளோ, பேரப்பிள்ளையோ வாழும் நகரமல்லவா அது?

முதற் கதவு

1881 ஆம் ஆண்டில் ருஷியச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர் குண்டெறிந்து கொல்லப்பட்டார். கொலைச் சதியில் ஈடுபட்ட கூட்டத்தில் யூதப் பெண்ணொருத்தியும் இருந்தாள். பழியை யூத இனத்தின் தலையில் ஏற்றுவதற்கு அதுவே போதுமாயிற்று. ஊர் ஊராக யூதர்களின் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. பிழைக்க வழி தேடிய மக்கள் கூட்டங் கூட்டமாக மேற்றிசை நோக்கிப் புறப்பட்டனர். 1914 ஆம் ஆண்டுக்குள் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் பிரித்தானியாவிற் குடியேறினர். அவர்களுட் பெருந்தொகையினர் இலண்டனின் கிழக்குப் பகுதியில், துறைமுகத்தை அடுத்த நெருக்கமான தெருக்களிலே தங்கித் தையல் வேலையும் சப்பாத்து வேலையும் செய்து வயிறு கழுவினர்.

அக்காலத்துப் பிரித்தானியாவிலே அந்நியர் வருகையைத் தடுக்கும் சட்டம் நடைமுறையில் இருக்கவில்லை. வந்தவர் வரலாம்; இருப்பவர் இருக்கலாம். ஆயினும் கிழக்கு இலண்டனில் வீட்டு வாடகை ஏறிற்று, கூலி இறங்கிற்று. குறைகள் மெய்யானவை, குறைகளுக்குக் காரணம் புதிதாக வந்தவனே என்ற முடிவுதான் அவசரமானது. 1901 ஆம் ஆண்டில் குடிவரவை எதிர்த்து ஒரு சங்கம் தோன்றிற்று. 1903 இல் அரச ஆணைக்குழு தன் அறிக்கையை வெளியிட்டது. 1905 இல் அந்நியர் சட்டம் நிறைவேறியது. சமாதான காலத்தில் குடிவரவைக் கட்டுப்படுத்த அந்நாடு இயற்றிய முதல் நவீன சட்டம் அதுவே என்பர். கப்பலின் கீழ்த்தளத்தில் வந்த ஏழைப் பிரயாணிகளையே அச்சட்டம் சோதித்தது. உயர்வகுப்பில் வந்தவரிடம் அது எதுவும் கேட்கவில்லை.

சிட்னி வீதிச் சமர்

சட்டம் நடைமுறைக்கு வந்து ஐந்து ஆண்டுகள் கழியுமுன்னரே நகரத்தை ஒரு கொடுஞ்செயல் உலுக்கியது. 1910 டிசம்பர் 16 ஆம் நாள் இரவு, நகைக் கடையொன்றைச் சுவரைத் துளைத்துக் கொள்ளையிட முயன்ற கூட்டமொன்று, விசாரிக்க வந்த பொலிசார் மீது துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. பொலிசார் மூவர் உயிரிழந்தனர். கொள்ளையருட் பெரும்பாலோர் ருஷியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த லாட்வியாவிலிருந்து வந்த புரட்சிவாதிகள்.

1911 ஜனவரி 3 ஆம் நாள் அவர்களுள் இருவர் சிட்னி வீதியிலுள்ள ஒரு வீட்டில் ஒளிந்திருப்பதாக அறிந்து பொலிசார் சுற்றி வளைத்தனர். கோபுரக் கோட்டையிலிருந்து இராணுவ வீரர்கள் வரவழைக்கப்பட்டனர். அப்பொழுது உள்நாட்டு மந்திரியாக இருந்த வின்ஸ்டன் சேர்ச்சில் தாமே நேரிற் சென்று நின்றார். சலனப்படக்காரர் காட்சியைப் படமாக்கினர். ஆறு மணி நேரம் வரையிற் சமர் நடந்தது. வீடு தீப்பற்றி எரிந்தது. உள்ளே இரண்டு சடலங்கள் கிடைத்தன.

மறுநாள் முதலே பத்திரிகைகள் கிழக்கு இலண்டன் முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றின. தையல் ஊசியோடு காலங்கழித்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கொலைகாரரின் கூட்டாளிகள் போல நோக்கப்பட்டன. அந்நியர் சட்டத்தை மேலும் இறுக்க ஒரு மசோதாவும் அதே ஆண்டிற் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. எனினும் அது சட்டமாகவில்லை.

இங்கே மாணவர்கள் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. அத்தனை ஆரவாரத்துக்குப் பின்னரும், மூன்று பொலிசாரைக் கொன்றதற்காக எவரும் தண்டனை பெறவில்லை. விசாரணைக்கு நிறுத்தப்பட்டோர் விடுதலையாயினர். தண்டிக்கப்பட்ட ஒரே பெண்ணின் தீர்ப்பும் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டது. தெரு முழுவதையும் சந்தேகித்த நகரம், குற்றவாளியைக் கண்டுபிடிக்கவில்லை. இந்த விசித்திரம் பின்னரும் திரும்பத் திரும்ப நிகழ்ந்ததை நாம் காண்போம்.

எட்டு நாளிற் பிறந்த சட்டம்

ஐரிஷ் மக்களின் கதையை இனி நோக்குவோம். அயர்லாந்தின் விடுதலைக்காகப் போராடிய தீவிரவாதிகள் 1880 களில் இலண்டனில் வெடிமருந்து வைத்தனர். அவர்களைக் கண்காணிக்கவே 1883 இல் இலண்டன் பொலிசில் ஒரு விசேஷ பிரிவு அமைக்கப்பட்டது. தொண்ணூறு ஆண்டுகள் கழிந்த பின்னர் பழைய பகை புதிய வேகத்துடன் எழுந்தது. 1974 நவம்பர் 21 ஆம் நாள் மாலை, பேர்மிங்காம் நகரின் மதுச்சாலைகள் இரண்டில் குண்டுகள் வெடித்தன. வேலை முடிந்து நண்பர்களோடு அமர்ந்திருந்தோரும் இளைஞரும் யுவதியருமாக 21 பேர் மாண்டனர். நாடு கொதித்தது. ஐரிஷ் உச்சரிப்போடு பேசுவதே ஆபத்தாயிற்று.

எட்டே நாட்களில், நவம்பர் 29 ஆம் நாள், பயங்கரவாதத் தடுப்பு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் நிறைவேறியது. சந்தேகத்தின் பேரிற் பிடிக்கப்பட்டவரைக் குற்றஞ்சாட்டாமலே ஏழு நாள் வரை மறியலில் வைக்கலாம். நாட்டின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு அனுப்பிவிடலாம். தற்காலிகம் என்று பெயரிடப்பட்ட அந்த ஏற்பாடு, திருத்தங்களுடன் கால் நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. 1991 ஆம் ஆண்டு முடிவு வரையில் வட அயர்லாந்து விவகாரம் தொடர்பாக மட்டும் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் அதன் கீழ்ப் பிடிக்கப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் யாதொரு குற்றச்சாட்டுமின்றி விடுவிக்கப்பட்டனர்.

பேர்மிங்காம் வழக்கில் ஐரிஷ்காரர் அறுவர் 1975 இல் ஆயுட்காலச் சிறைத்தண்டனை பெற்றனர். அவர்கள் மீது சுமத்தப்பட்ட சான்றுகள் நம்பத்தகாதவை என்று கண்டு, 1991 மார்ச் மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. பதினாறு ஆண்டுகள் ஆறு குடும்பங்களுக்கு வீணாயின. அதனினும் கொடிய நட்டம் ஒன்று உண்டு. பொய்யான அறுவர் சிறையில் இருந்தமையால், மெய்யான கொலைகாரரைத் தேடும் வேலை நின்றுபோயிற்று. மாண்ட 21 பேரின் உறவினருக்கு அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் நீதி கிட்டவில்லை. அறுவருக்கு இழைத்த அநீதியும் இருபத்தொருவருக்கு இழைத்த அநீதியும் ஒரே தவறின் இரு பக்கங்களாயின.

எமக்கும் ஒரு தொடர்பு

இச்சட்டத்தின் பெயரை வாசிக்கும்போதே எமது நேயர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பர். 1979 ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் இயற்றிய 48 ஆம் இலக்கச் சட்டமும் அதே பெயரைத் தாங்கி வந்தது. 'தற்காலிக ஏற்பாடுகள்' என்னும் அடைப்புக்குறியும் அப்படியே வந்தது. மூன்று ஆண்டுகளுக்கென்று பிறந்த அச்சட்டம் 1982 இல் கால வரையறையின்றி நீடிக்கப்பட்டது. அதன் கதையை எமது வாசகர்களுக்கு நாம் எடுத்துக் கூற வேண்டியதில்லை.

மற்றொரு தொடர்பும் உண்டு. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் தஞ்சங் கோரி வந்திறங்கிய ஐம்பதுக்கு மேற்பட்ட தமிழர்களைத் திருப்பியனுப்ப அதிகாரிகள் முற்பட்டனர். விமானத்தில் ஏற்ற முனைந்த வேளையில், அவர்களிற் பலர் குளிரென்றும் பாராமல் உடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். அக்காட்சி பத்திரிகைகளில் வெளிவந்தது. சில வாரங்களில், தகுந்த பத்திரங்களின்றி வருவோரை ஏற்றிவரும் விமானக் கம்பெனிக்கு ஆளுக்கு ஆயிரம் பவுண் விதிக்கும் சட்டம் அறிவிக்கப்பட்டது. நாம் இதனைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. சந்தேகிக்கப்படும் புதியவனின் இடத்தில் யூதனும் ஐரிஷ்காரனும் நின்ற வரிசையிலே எம்மவரும் நின்றனர். ஆகவே இவ்விவாதத்தை வேடிக்கை பார்ப்போராக நாம் இருக்க இயலாது.

கரிய ஜூலை நாட்கள்

2005 ஜூலை 6 ஆம் நாள், ஒலிம்பிக் விளையாட்டு விழாவை 2012 இல் நடத்தும் பெருமை இலண்டனுக்குக் கிடைத்தது. மறுநாட் காலை மூன்று சுரங்க ரயில்களிலும் ஒரு பஸ் வண்டியிலும் குண்டுகள் வெடித்தன. வேலைக்குச் சென்றுகொண்டிருந்த 52 பேர் கொல்லப்பட்டனர். எழுநூறுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். மாண்டவர்களிற் பல நாட்டவரும் பல மதத்தவரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். குண்டுகளைச் சுமந்து சென்ற நால்வரில் மூவர் பிரித்தானியாவிலேயே பிறந்தவர்கள். நான்காமவர் குழந்தைப் பருவத்தில் யமேக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர். எல்லையில் எத்தனை காவலர் நின்றாலும் அவர்களைத் தடுத்திருக்க முடியாது.

இரண்டு வாரங்களின் பின், ஜூலை 21 இல், மீண்டும் குண்டுகள் வைக்கப்பட்டன. அவை முறையாக வெடிக்கவில்லை. அவற்றை வைத்தோர் கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து தஞ்சந் தேடி வந்தவர்கள். மறுநாள், சந்தேகநபர் ஒருவர் வசித்த மாடிக் கட்டடத்திலேயே குடியிருந்த பிரேசில் நாட்டு இளைஞர் ஒருவரைப் பொலிசார் பின்தொடர்ந்து, ஸ்ரொக்வெல் நிலையத்தில் ரயிலுக்குள்ளேயே சுட்டுக் கொன்றனர். அவர் மின்சாரத் தொழிலாளி. குண்டுகளுக்கும் அவருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. 2007 இல் இலண்டன் பொலிஸ் திணைக்களம் பொதுமக்களின் பாதுகாப்பைப் பேணத் தவறியதாக நீதிமன்றம் தீர்ப்பளித்து 175,000 பவுண் அபராதம் விதித்தது.

2005 நவம்பரில், சந்தேகநபரை 90 நாள் வரை மறியலில் வைக்கும் அதிகாரத்தைப் பிரதம மந்திரி ரொனி பிளேயர் கோரினார். பாராளுமன்றம் 322 க்கு 291 என்ற வாக்குகளால் அதனை நிராகரித்து 28 நாட்களுக்கு மட்டும் இணங்கியது. பின்னர் அதுவும் 14 நாட்களாகக் குறைந்தது. குண்டு வெடித்து நான்கு மாதங்களே ஆகியிருந்த வேளையில், ஆளுங்கட்சி உறுப்பினர் பலரும் தம் தலைவருக்கு எதிராக வாக்களித்தனர் என்பது கருதத்தக்கது.

இரு தரப்பு வாதங்கள்

நடுநிலை நின்று பார்ப்போமாயின் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. தன் குடிகளின் உயிரைக் காப்பது அரசின் முதற் கடமை. யார் வரலாம், யார் தங்கலாம் என்று வரையறுக்கும் உரிமையும் அரசுக்கு உண்டு. 2016 டிசம்பரில் பேர்லின் நகரின் நத்தார்ச் சந்தைக்குள் லொறியைச் செலுத்திப் பன்னிருவரைக் கொன்றவன், தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட பின்னரும் நாட்டிலே தங்கியிருந்தவன். இத்தகைய தவறுகளைச் சுட்டிக் காட்டுவோரை இனத்துவேஷிகள் என்று வாயடைப்பது முறையன்று.

வாயடைப்பதன் தீங்குக்கு மஞ்செஸ்டர் நகரமே சான்று. 2017 மே 22 இல் அங்கே இசை நிகழ்ச்சி முடிந்த வேளையிற் குண்டு வெடித்து 22 பேர் மாண்டனர். அவர்களிற் சிறுவர் சிறுமியரும் இருந்தனர். பெரியதொரு பையுடன் நெடுநேரம் பதுங்கியிருந்தவனைக் கண்டு பொதுமகன் ஒருவர் எச்சரித்தார். ஆனால் காவற் பணியிலிருந்த இளைஞர் ஒருவர், தவறாகச் சந்தேகித்தால் இனத்துவேஷி என்ற பெயர் வருமோ என்று தயங்கியதாகப் பின்னர் கூறினார்.

மறுபுறத்தில், எல்லாரையும் சந்தேகிப்பதால் விளைந்தது என்ன? 2000 ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டத்தின் 44 ஆம் பிரிவு, காரணம் எதுவுமின்றியே வழிப்போக்கரை மறித்துச் சோதிக்கப் பொலிசாருக்கு இடமளித்தது. 2009 – 2010 ஆகிய ஓராண்டில் மட்டும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட சோதனைகள் நடந்தன. அவற்றின் மூலம் பயங்கரவாதக் குற்றத்துக்காக ஒருவரேனும் கைது செய்யப்படவில்லை. கறுப்பு நிறத்தவரும் ஆசிய இனத்தவரும் தம் தொகைக்கு மிஞ்சிய அளவில் மறிக்கப்பட்டனர். 2010 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவ்வதிகாரம் உரிமைகளுக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. சில மாதங்களில் அது கைவிடப்பட்டது.

மஞ்செஸ்டரும் இந்த ஓர் இலட்சமும் வெவ்வேறு பாடங்கள் அல்ல. ஓரிடத்திற் செயலைக் கண்டும் முகத்தை நினைத்துத் தயங்கினர். மற்றோரிடத்திற் செயலே இல்லாதபோதும் முகத்தைக் கண்டு மறித்தனர். கண் பார்க்க வேண்டியது செயலை. அதனை விட்டு முகத்தைப் பார்க்கும் காவல், கடுமையாக இருந்தாலும் இளக்கமாக இருந்தாலும் காவலாகாது.

வதந்தியின் வேகம்

2024 ஜூலை 29 ஆம் நாள் சௌத்போட் என்னும் கரையோர நகரில், சிறுமியர் நடனம் பயின்ற கூடத்திற் புகுந்த பதினேழு வயது இளைஞன் ஒருவன் கத்தியால் மூன்று சிறுமியரைக் கொன்றான். தோணியில் வந்த அகதியே கொலைகாரன் என்ற வதந்தி சில மணி நேரத்துக்குள் நாடெங்கும் பரவியது. மறுநாள் மாலை அவ்வூர்ப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பல நகரங்களிற் கலகம் மூண்டது. ரொதரம் நகரில் தஞ்சங் கோரியோர் தங்கியிருந்த விடுதிக்குத் தீ வைக்க முயன்றனர்.

அந்த இளைஞன் உண்மையில் வேல்ஸ் நாட்டின் கார்டிவ் நகரிற் பிறந்தவன். பெற்றோர் ருவண்டா நாட்டவர். தோணிக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அவனுடைய போக்கைக் கண்டு அஞ்சிய ஆசிரியர்கள், 2019 க்கும் 2021 க்கும் இடையில் மூன்று முறை, தீவிரவாதத் தடுப்புக்கென அமைந்த அரச திட்டத்துக்கு அறிவித்திருந்தனர். மூன்று முறையும் கோவை மூடப்பட்டது. நாடு விசாரித்திருக்க வேண்டிய கேள்வி, மூடப்பட்ட அந்தக் கோவைகளைப் பற்றியது. கலகக்காரரோ பள்ளிவாசலின் மதிலை உடைத்துக்கொண்டிருந்தனர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்; பேயைத் துரத்தப் புறப்பட்டவன் வீட்டின் திறந்த கதவைக் காண்பதில்லை.

கலகம் நடந்த மறுநாட் காலையில் அவ்வூர் மக்கள் தும்புத்தடியும் செங்கல்லும் கொண்டு வந்து தெருவைக் கூட்டினர்; மேசன்மார் மதிலை மீளக் கட்டினர்.

ஓர் இமாமின் செயல்

2017 ஜூன் 19 ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளை, ரமழான் மாதம். இலண்டன் பின்ஸ்பரி பார்க் பகுதியில், தொழுகை முடிந்து வந்துகொண்டிருந்த முஸ்லிம்கள் மீது ஒருவன் வேண்டுமென்றே தன் வான் வண்டியைச் செலுத்தினான். ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். முன்னர் நடந்த தாக்குதல்களுக்குப் பழிவாங்குவதாக அவன் எண்ணியிருந்தான். ஒரு சோற்றைக் கொண்டு பானையை அளந்த மனம் அது.

ஆத்திரங்கொண்ட கூட்டம் அவனைச் சூழ்ந்தபோது, அங்கிருந்த இமாம் ஒருவர் இடையில் நின்று, எவரும் அவனைத் தொடலாகாது என்று தடுத்தார். பொலிசார் வரும் வரை அவனுயிர் காக்கப்பட்டது. பின்னர் அவன் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, ஆகக் குறைந்தது 43 ஆண்டுகள் சிறையிருக்கத் தண்டிக்கப்பட்டான். அந்த இமாம் காத்தது ஒரு கொலைகாரனின் உயிரை மட்டுமன்று. குற்றத்துக்குரியவன் குற்றவாளி ஒருவனே, தீர்ப்புக்குரிய இடம் நீதிமன்றமே என்னும் கோட்பாட்டை அவர் அந்தத் தெருவிலே காத்தார்.

பிறிக் லேனிலுள்ள கட்டடம்

கிழக்கு இலண்டனில் பிறிக் லேன் என்னும் தெருவில் ஒரு பழைய கட்டடம் உண்டு. பிரான்சிலிருந்து மதக் கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்த புரட்டஸ்தாந்தர் 1743 இல் அதனைத் தமக்குத் தேவாலயமாகக் கட்டினர். பின்னர் அது மெதடிஸ்த ஆலயமாயிற்று. 1898 இல் ருஷியாவிலிருந்து வந்த யூதர் அதனைத் தம் தொழுகைக் கூடமாக்கினர். 1976 முதல் அது வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசலாக விளங்குகின்றது. அத்தெருவுக்கு வந்த ஒவ்வொரு கூட்டத்தாரும் தம் காலத்தில் ஐயத்துடன் நோக்கப்பட்டவர்களே. ஒவ்வொரு கூட்டத்தாரின் பேரப்பிள்ளைகளும் காலப்போக்கில் அந்நகரத்தின் பிள்ளைகளாயினர்.

அயல் என்னும் தமிழ்ச் சொல் அந்நியத்தையும் குறிக்கும். அண்டை வீட்டையும் குறிக்கும். அந்நியன் அண்டை வீட்டானாக மாறுவதற்கு இலண்டனிலே ஒவ்வொரு முறையும் ஒரு தலைமுறை சென்றது. அம்மாற்றத்துக்குக் குண்டு வைப்பவனும் பகைவன். குண்டு வைத்தவனின் பெயரால் ஊரையே பழிப்பவனும் பகைவன். கடல் கடந்து வாழும் எமது பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதும் பெற்றோரும், நாளை கடல் கடக்க எண்ணும் மாணவரும் இதனை மனத்திற் கொள்வது நன்று. அங்கே எம்மை மற்றவர் எவ்வாறு அளக்க வேண்டும் என்று விரும்புகின்றோமோ, இங்கே எமது தெருவுக்குப் புதிதாக வருபவனையும் அவ்வாறே நாம் அளப்போமாக.